மூச்சைக் கையில் வாங்குபவர்கள்

(பினாங்கு ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவில், மருத்துவப் பயிற்சியில் இருக்கும் தமிழ் இளைஞர்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1833 முதல் குவீன் ஸ்திரீட்டில் நிற்கும் மகாமாரியம்மன் கோயில் இங்கிருந்து கூப்பிடு தூரம். வெளியே கடைகளில் பாட்டு ஒலிக்கிறது. இந்தச் சத்தத்துக்கு நடுவே மயக்கவியலையும் தீவிர சிகிச்சையையும் பற்றித் தமிழில் பேச வந்திருக்கிறேன். ஏன் தமிழில்? உங்கள் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. வார்டில் மலாய் பேசுகிறீர்கள். ஆனால் அறுவை அரங்கத்தின் வாசலில், தள்ளுகட்டிலில் படுத்திருக்கும் நம் பாட்டி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது தமிழில்தான். "தம்பி, நான் முழிச்சுக்குவேன்ல?"

கவனியுங்கள். எங்கே வெட்டுவீர்கள், எத்தனை தையல் போடுவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. திரும்பக் கண் விழிப்பேனா என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மயக்க மருத்துவர். "முழிச்சுக்குவீங்க பாட்டி" என்று மனசாட்சியோடு சொல்ல அவர் என்னவெல்லாம் செய்திருக்க வேண்டும்? இன்றைய பேச்சு முழுவதும் அதைப் பற்றித்தான்.

1846 அக்டோபர் 16. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியைக் கொடுத்து ஒரு நோயாளியைத் தூங்கவைத்தார். கழுத்துக் கட்டியை அறுத்தார்கள், அவர் அலறவில்லை. மறு ஆண்டே எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். உலகமே கொண்டாடியது. ஆனால் கொண்டாட்டம் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தில் ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் குளோரோஃபார்மில் இறந்துபோனாள். என்ன அறுவை? கால் விரல் நகத்தை எடுப்பது. ஒரு நகத்துக்காக ஓர் உயிர்! நோயைவிட மயக்கமே பெரிய ஆபத்தாக இருக்கலாம் என்பதை மருத்துவ உலகம் அன்று கற்றது.

அவள் எப்படி இறந்தாள்? மூச்சு முதலில் நின்றதா, இதயம் முதலில் நின்றதா? இந்தக் கேள்வியைத் தீர்க்க முயன்ற ஊர் லண்டன் என்று நினைப்பீர்கள். இந்திய ஊர் ஒன்றும் அதில் இறங்கியது. ஹைதராபாத்! அங்கே இருந்த எட்வர்ட் லாரி என்ற அறுவை மருத்துவர் 1888இலும் 1889இலும் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்களை அமைத்தார். நிஜாம் பணம் கொடுத்தார். லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் கப்பலேறி வந்து சேர்ந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மூச்சுதான் எப்போதும் முதலில் நிற்கிறது, ஆகவே மூச்சை மட்டும் பாருங்கள், நாடியிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்.

அந்த முடிவு பாதி உண்மை. மூச்சைப் பார் என்றது சரி. அது பல உயிர்களைக் காத்திருக்கும். நாடியை விடு என்றது தவறு. 1911இல் குட்மன் லெவி, மயக்கம் லேசாக இருக்கும்போதே குளோரோஃபார்மில் இதயம் தாறுமாறாகத் துடித்துத் திடீரென்று நிற்கலாம் என்று காட்டினார். அதே ஹைதராபாத்தின் மருத்துவப் பள்ளியில் பயின்று குளோரோஃபார்ம் கொடுத்த ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பெண்மணியை உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று பலர் குறிப்பிடுகிறார்கள். தங்கைகளே, இந்தத் துறையில் உங்களுக்கு முன்னோடி இந்தியாவிலேயே இருந்திருக்கிறார்.

ஹைதராபாத் நமக்கு விட்டுச்சென்ற பாடம் என்ன? ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் மற்றொன்றைத் தவறவிடுவார். ஆகவே மூச்சையும் பாருங்கள், நாடியையும் பாருங்கள், முகத்தின் நிறத்தையும் பாருங்கள், அறுவை நடக்கும் இடத்தில் ரத்தம் எவ்வளவு போகிறது என்றும் எட்டிப் பாருங்கள். மயக்க மருத்துவர் நோயாளியை விட்டு அகலக்கூடாது என்பது விதி.

இனி பாட்டியிடம் வருவோம். அவர் அரங்கத்துக்கு வருவதற்கு முதல்நாளே நீங்கள் அவரைப் பார்க்க வேண்டும். முதலில் என்ன செய்வீர்கள்? கைகூப்பி வணக்கம் சொல்லுங்கள். அவரையும் கைகூப்பச் சொல்லுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அது ஒரு பரிசோதனை. பல ஆண்டுகள் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்தவர்களுக்கு விரல் மூட்டுகள் இறுகிப்போகும். கைகூப்பினால் இரண்டு உள்ளங்கைகளும் முழுதாக ஒட்டாது, நடுவே இடைவெளி தெரியும். விரல் மூட்டு இறுகியவருக்குக் கழுத்து மூட்டும் இறுகியிருக்கலாம். கழுத்து இறுகினால் தலையைப் பின்னால் சாய்க்க முடியாது. அப்போது மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது கடினமாகும். ஒரு வணக்கத்தில் எவ்வளவு செய்தி இருக்கிறது பாருங்கள்! மலேசியாவில் இனிப்பு நீர் அதிகம் காணப்படும் இனம் நாம்தான் என்பதை நான் இந்த அவையில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லுங்கள். உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். இதை 1985இல் வகைப்படுத்திக் கொடுத்தவர் ஆந்திராவிலிருந்து பாஸ்டனுக்குப் போன சேஷகிரி மல்லம்பட்டி. உலகம் முழுவதும் ஒவ்வொரு நாளும் மயக்க மருத்துவர்கள் எழுதும் பெயர் ஒரு தென்னிந்தியருடையது.

அடுத்த கேள்வி: கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? இதைக் கேட்கும் முறை முக்கியம். "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்றால் "இல்லைப்பா" என்பார். காப்பி குடிப்பதை நம் வீடுகளில் யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை! காலையில் யாராவது மைலோ கலக்கிக் கொடுத்தார்களா, மாத்திரை போட எதைக் குடித்தீர்கள், ரொட்டி பிய்த்து வாயில் போட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மயக்கத்தில் இருமல் போய்விடும், விழுங்கும் திறனும் போய்விடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் அமிலம் நுரையீரலைச் சுட்டுவிடும். 1946இல் நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற மருத்துவர் பிரசவ வலியில் மயக்கம் பெற்ற பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. கணக்கைப் பினாங்குக்காரர் மறக்காதபடி சொல்கிறேன்: பால் சேராத தே ஓவுக்கு இரண்டு மணி நேரம், பால் கலந்த தே தாரேக்குக்கு ஆறு மணி நேரம். தாய்ப்பாலுக்கு நான்கு. நாசி கண்டார் போன்ற எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு எட்டு. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, இது உங்களுக்கும்தான். டாக்டர் திட்டுவார் என்று பயந்து மறைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் அறுவை சில மணி நேரம் தள்ளிப்போகும். அவசரமென்றால் வேறு முறையில் மயக்கம் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

இப்போது பாட்டி மேசையில் படுத்திருக்கிறார். மயக்க மருந்து உள்ளே போனதும் மூச்சு நிற்கப்போகிறது. நீங்களே நிறுத்தப்போகிறீர்கள்! உடம்பு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. சாதாரணமாக மூச்சு விட்டபின் ஒரு பெரியவரின் நுரையீரலில் இரண்டரை லிட்டர் காற்று மிஞ்சியிருக்கும். அதில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கணக்குப் போடுங்கள். ஓரிரு நிமிடத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். அதே நுரையீரலை முன்கூட்டியே சுத்த ஆக்சிஜனால் நிரப்பினால்? இரண்டு லிட்டருக்கு மேல் கையிருப்பு. ஆரோக்கியமான ஒருவருக்கு ஏழெட்டு நிமிடம் தாங்கும். நாளைக்குத் தண்ணீர் வராது என்று அறிவிப்பு வந்தால் இன்றே தொட்டியை நிரப்பிக்கொள்கிறோமே, அதைத்தான் செய்கிறோம். முகமூடியை இறுக்கிப் பிடித்து மூன்று நிமிடம். இந்த மூன்று நிமிடத்தை யார் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கர்ப்பிணிக்கும், உடல் பருத்தவருக்கும், காய்ச்சலில் கொதிக்கும் குழந்தைக்கும் கையிருப்பு குறைவு, செலவு அதிகம். அவர்களுக்கு அந்த ஏழெட்டு நிமிடம் கிடைக்காது.

குழாய் செருகிவிட்டீர்கள். அது மூச்சுக்குழாயில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கும் உணவுக்குழாயில் இருக்கிறதா? மார்பு உயர்கிறது என்று நம்பாதீர்கள். ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்டது என்று நம்பாதீர்கள். வெளியே வரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு அலை திரையில் தொடர்ந்து தெரிய வேண்டும். அலை இல்லையென்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, குழாய் தவறான இடத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இன்று எல்லோருக்கும் தெரியும். கோவிட் காலத்தில் அது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 1974இல் ஜப்பானின் தாகுவோ அவோயாகி அதன் தத்துவத்தைக் கண்டார். அந்தச் சின்னக் கருவி காத்த உயிர்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் நம்மவர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. தோல் கறுத்திருந்தால் அந்தக் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, கருவிக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது. ஆகவே கறுத்த நிறத்துத் தமிழருக்குக் கருவி 92 என்று காட்டும்போது, "பரவாயில்லை" என்று நகர்ந்துவிடாதீர்கள். அவர் மூச்சு வாங்குகிறாரா, பேசமுடிகிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் தமனி ரத்தத்தை எடுத்துச் சோதியுங்கள். நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும்கூட அளவைக் குழப்பலாம். அப்போது காது மடலில் மாட்டிப் பாருங்கள்.

அறுவை அரங்கத்தில் ஓரிரு மணி நேரம் செய்வதை ஏன் நாட்கணக்கில் செய்யக்கூடாது? இந்தக் கேள்வியில்தான் தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் நாயகர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள்.

1952ஆம் ஆண்டு. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன். போலியோ ஊரையே சூறையாடுகிறது. பிளெக்டாம் மருத்துவமனையில் விழுங்கமுடியாமல், மூச்சுவிட முடியாமல் குழந்தைகள் வந்து குவிகிறார்கள். இருப்பது ஓர் இரும்பு நுரையீரல் இயந்திரமும் மார்பைச் சுற்றிக் கட்டும் ஆறு கருவிகளும். முதலில் கருவியில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள். ரத்தச் சோதனையில் ஏதோ ஒன்று உயர்ந்திருந்தது; இனந்தெரியாத காரணத்தால் உடம்பில் காரம் மிகுந்துவிட்டது என்று பெரிய மருத்துவர்கள் எண்ணினார்கள். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட மயக்க மருத்துவர் பியோன் இப்சன் அந்தத் தாள்களைப் பார்த்தார். இது காரம் இல்லை, வெளியேற முடியாமல் உள்ளே தேங்கிய கார்பன் டை ஆக்சைடு என்றார். குழந்தைகள் மூச்சு போதாமல் சாகிறார்கள் என்றார்.

ஆகஸ்ட் 27. சாகும் நிலையில் இருந்த 12 வயதுச் சிறுமியை அவரிடம் கொடுத்தார்கள். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அவள் திமிறினாள், காற்று உள்ளே போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நம்பிக்கை இழந்து விலகத் தொடங்கினார்கள். இப்சன் மயக்க மருந்தைக் கொடுத்தார். அவளுடைய சொந்த மூச்சு அடங்கியது. ரப்பர் பையைக் கையால் அமுக்கி அவளுக்காக அவர் மூச்சுவிட்டார். நீலம்பாரித்த முகம் சிவந்தது. சிறுமி பிழைத்தாள்.

ஆனால் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குப் பையை அமுக்க யார் இருக்கிறார்கள்? மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். முறை வைத்து, இரவும் பகலுமாக, ஏறக்குறைய 1,500 மாணவர்கள்! ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் 70 பேருக்குக் கையால் மூச்சு கொடுக்கப்பட்டது. குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்து, கதை படித்துக்காட்டி, கண்ணசைவைப் பார்த்துப் பார்த்துப் பையை அமுக்கினார்கள். நூற்றுக்கு 87 என்றிருந்த சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. 1953 டிசம்பரில் இப்சன் அதே நகரின் மற்றொரு மருத்துவமனையில் இதற்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். இன்று நாம் ஐசியு என்று அழைப்பதன் தொடக்கம் அது. வார்டுகளில் நீங்கள் தேடி ஓடும் அம்பு பேக் என்ற மூச்சுப் பை 1956இல் அதே டென்மார்க்கில் பிறந்தது.

இயந்திரம் வந்தது. இயந்திரம் தீங்கும் செய்யும் என்பது பின்னர்தான் தெரிந்தது. நோயுற்ற நுரையீரலுக்குள் அதிகக் காற்றைத் திணித்தால் அது கிழிந்து புண்படும். 2000இல் அமெரிக்காவில் 861 பேரிடம் நடந்த ஆய்வில், ஒவ்வொரு மூச்சிலும் ஒரு கிலோ எடைக்கு 12 மில்லிலிட்டர் காற்றுப் பெற்றவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் இறந்தார்கள். 6 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 31 விழுக்காடு. எந்த எடையைக் கொண்டு கணக்கிடுவது? தராசு காட்டும் எடையைக் கொண்டல்ல, உயரத்திலிருந்து. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை. ஆகவே உயரத்தை அளக்காமல் வென்டிலேட்டரைத் தொடாதீர்கள். ரத்தம் ஏற்றுவதிலும் அப்படியே: 1999இல் கனடாவில் நடந்த ஆய்வு, ஹீமோகுளோபின் 7க்குக் கீழே வரும்வரை காத்திருந்தால் பெரும்பாலான நோயாளிகளுக்குக் கூடுதல் தீங்கு இல்லை என்று காட்டியது. தீவிர சிகிச்சை என்றால் எல்லாவற்றையும் தீவிரமாகச் செய்வது என்று எண்ணவேண்டாம்.

இதை நம் ஊர் நோயைக் கொண்டே சொல்கிறேன். டிங்கி! இந்நாட்டில் அந்தக் காய்ச்சல் முதலில் பதிவானது பினாங்கில்தான், 1902இல். அதன் ரத்தக்கசிவு வடிவம் 1962இல் முதலில் பதிவானதும் பினாங்கில்தான். டிங்கியில் மிக ஆபத்தான நேரம் எது? காய்ச்சல் 40ஐத் தொடும் நேரமா? இல்லை. காய்ச்சல் இறங்கும் நேரம்! வீட்டில் எல்லோரும் மகிழ்கிறார்கள், "காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டர், வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?" என்கிறார்கள். அதே நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. ரத்தம் கெட்டியாகி ஹெமட்டோக்ரிட் ஏறுகிறது. விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்ந்து கிடப்பது. ரத்த அழுத்தம்? 100க்கு 85. மேல் எண் 100 இருக்கிறதே என்று கருவி அலறாது. நீங்கள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வெறும் 15! இருபதும் அதற்குக் கீழும் என்றால் அவர் ஏற்கெனவே அதிர்ச்சி நிலையில் இருக்கிறார். கையைத் தொடுங்கள், சில்லென்றிருக்கும். நகத்தை அமுக்கி விடுங்கள். சிவப்பு திரும்ப இரண்டு விநாடிக்கு மேலாகும். இதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம். உங்கள் விரல் போதும்.

அப்போது நரம்பு வழியே நீர் கொடுக்கிறோம். அளந்து கொடுக்கிறோம், திரும்பப் போய்ப் பார்க்கிறோம், மறுபடி அளந்து கொடுக்கிறோம். ஓரிரு நாளில் கசிவு நின்றுவிடும். வெளியே போன நீர் ரத்தத்துக்குத் திரும்பும். அந்த நேரத்திலும் பழைய வேகத்தில் ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தால்? நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதல்நாள் உயிர் கொடுத்த அதே நீர் மறுநாள் மூச்சை அடைக்கும். உறவினர்கள் தட்டணுக்களின் எண்ணிக்கையையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். பப்பாளி இலைச் சாற்றைப் பாட்டிலில் கொண்டுவருவார்கள். அவர்களைக் கோபிக்காதீர்கள். அது அன்பு. ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நீர்க்கசிவுதான் என்று பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் விளக்குங்கள்.

இன்னும் ஒரே ஒரு செய்தி. 2005இல் இங்கிலாந்தில் ஓர் இளம் தாய் சிறிய மூக்கு அறுவைக்காக வந்தார். மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழாயில் குழாய் போகவில்லை. முகமூடி வழியாகவும் காற்று போகவில்லை. மூன்று அனுபவசாலிகள் அங்கே இருந்தார்கள். மூவரும் குழாய் செருகுவதிலேயே மும்முரமாக இருந்தார்கள். தொண்டையில் துளையிடும் கருவிகளைத் தாதி ஒருவர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்லவும் செய்தார். யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் சில நாட்களில் இறந்தார். விமானியான அவர் கணவர் யாரையும் பழிவாங்கக் கிளம்பவில்லை. விமானிகள் இளையவரின் குரலுக்குக் காது கொடுக்கப் பழகியதுபோல மருத்துவர்களும் பழக வேண்டும் என்று நாடெங்கும் பேசினார்.

தம்பி தங்கைகளே, பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது வீட்டுக்கு நல்லது. ஆனால் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும்போது மரியாதையோடு, உரக்க, எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். "டாக்டர், 70க்கு வந்துவிட்டது. குழாய் போகவில்லை. கழுத்து வழியாகப் போகலாமா?" இதில் அவமரியாதை எங்கே இருக்கிறது? உங்களைவிட மூத்தவர் தம்முடைய வேலையில் மூழ்கியிருக்கும்போது திரையைப் பார்ப்பதற்கு அங்கே இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். இரவு இரண்டு மணிக்கு நிபுணரை எழுப்பத் தயங்குபவரை நான் அடக்கமானவர் என்று சொல்லமாட்டேன். நோயாளிக்கு அவர் ஆபத்தானவர்.

நிறைவாக உங்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் வாரமே உங்கள் மருத்துவமனையின் அறுவை அரங்கத்துக்குப் போங்கள். மயக்க மருத்துவரிடம் அனுமதி கேட்டு, முகமூடியை இரண்டு கையாலும் பிடித்துத் தாடையை உயர்த்தி, பையை அமுக்கி, இன்னொரு மனிதருக்கு மூச்சு கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குழாய் செருகுவதைப் பிறகு கற்கலாம். முகமூடி மூச்சை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் குழாய் போகாத நாளில் அதுதான் ஆளைக் காக்கும். பெற்றோர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவை என்றால், அறுவை மருத்துவர் யார் என்று கேட்பதுபோல மயக்க மருத்துவர் யார் என்றும் கேளுங்கள். அவரிடம் நோய்களையும், மாத்திரைகளையும், நாட்டு மருந்தையும், காலையில் குடித்த காப்பியையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.